துண்டு உயராத கோட்டோரம்

ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து அணியிடம் தோற்றால் நாங்கள் நேரே வீட்டுக்குப் போவதில்லை. கூட்டம் கலைந்ததும் மைதானத்துக்குள் இறங்கி, எங்களைக் கவிழ்த்த கோலை நாங்களே மெதுவாக நடித்துப் பார்ப்போம். ரசிகர்கள்தான் ஆட்டக்காரர்கள். பிரியாணி மாஸ்டர் கோல்கீப்பர், பூட்டுக்கடைக்காரர் தடுப்பாட்டக்காரர். நான் எப்போதும் பந்து. இந்தத் தொப்பைக்கு வேறு வேஷம் யார் தருவார்கள்? ஒருவர் காலிலிருந்து இன்னொருவர் கால்வரை நடந்துபோவேன், அவ்வளவுதான்.

இந்த நடிப்புக்கு லைன்ஸ்மேன் எங்கள் நண்பன் ஒருவன். பந்து புறப்பட்டதும் எல்லோரும் அப்படியே உறைந்து நிற்போம்; அவன் கோட்டோரமாய் நின்று பார்த்து, கோல் போட்டவன் தடுப்பாட்டக்காரரை முந்தி நின்றிருந்தால் ஆப்சைடு என்று தோளில் கிடக்கும் துண்டை உயர்த்துவான். எங்களுக்காக ஒருமுறைகூடப் பொய்யாய் உயர்த்தியதில்லை. அதற்காக நாங்கள் அவனைத் திட்டாத திட்டு இல்லை. போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டான். அதற்குப் பிறகு நாங்கள் அவர்களிடம் தோற்றது இந்த முறைதான்.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் எங்கள் பயிற்சியாளர், களைத்துப்போன தடுப்பாட்டக்காரரை வெளியே எடுத்துவிட்டுப் புதியவன் ஒருவனை இறக்கினார். அவன் இடம்பிடித்து நிற்குமுன்பே முதுகுக்குப் பின்னால் எதிரணிக்காரன் ஒருத்தன் ஓடிப்போய்க் கோல் போட்டுவிட்டான்.

“ஏலே, அப்பட்டமான ஆப்சைடுலே! ரெப்ரி கண்ணைக் கழட்டி மலைக்கோட்டை மேலயா வச்சிருந்தாரு?” என்றார் பிரியாணி மாஸ்டர்.

“அது கெடக்கட்டும். நல்லா நின்னவனை எதுக்குய்யா வெளிய எடுக்கணும்?” என்றார் பூட்டுக்கடைக்காரர்.

“நின்னானா? நொண்டிக்கிட்டுல்ல கெடந்தான்!”

“நொண்டினாலும் அவன் எடத்துல இருந்திருப்பாம்ல!”

நான் செல்போனில் படம் பிடித்திருந்தேன். வாங்கிப் பார்த்தார்கள். மலைக்கோட்டை தெளிவாக விழுந்திருந்தது. கோல் மட்டும் இல்லை.

எங்களோடு மைதானத்துக்குள் வந்திருந்த பயிற்சியாளர் சொன்னார்: “ஆப்சைடுன்னா தப்பு ரெப்ரி மேல. இல்லேன்னா நான் ஆள் மாத்துனதுதான் தப்பு. அப்படின்னா இனிமே டீம் பக்கமே வரமாட்டேன். ஆடிக் காட்டுங்கப்பா, பாப்போம்.”

அவரவர் இடத்தில் நின்றார்கள். கோட்டோரத்துக்கு யாரும் போகவில்லை. யாரையும் போகச் சொல்லவும் இல்லை. பந்தாகிய நான் உதைத்தவர் காலைவிட்டுப் புறப்பட்டேன். வழக்கம்போல எல்லோரும் அப்படியே உறைந்தார்கள். யாரும் சொல்லாமலே எல்லாத் தலைகளும் ஒரே சமயத்தில் அந்தக் கோட்டோரம் திரும்பின. பந்துக்கு அந்த வேலை கிடையாது என்றாலும் நானும் திரும்பினேன். வெயில் தாழ்ந்த புழுதியைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. தீர்ப்புச் சொல்லுமுன் எங்கள் லைன்ஸ்மேன் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு யோசிப்பான். அவன் யோசிக்கும் நேரம் முழுக்க நாங்கள் காத்து நின்றோம்.

“துண்டைத் தூக்கலையேப்பா,” என்றார் பயிற்சியாளர்.

“அண்ணே, ஆளே இல்லாத எடத்துல யாருண்ணே தூக்குவா?” என்றார் பூட்டுக்கடைக்காரர்.

“இருந்தா மட்டும் நமக்காகத் தூக்கியிருப்பானாக்கும்?”

‘பந்து சொல்றேன், ஆப்சைடுதான்’ என்று நான் ஒரு வார்த்தை விட்டிருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள். பயிற்சியாளரும் தங்கியிருக்கக்கூடும். வாயைத் திறந்தேன். கோட்டோரத்திலிருந்து அவன் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. மூடிக்கொண்டேன்.

அவர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மாஸ்டர் கையில் கொடுத்துவிட்டு நடந்தார். வாசலுக்கு நேர்வழி அந்தக் கோட்டோரம்தான். அவன் நிற்கும் இடம் வந்ததும், ஆள் மேல் இடித்துவிடாமல் ஒதுங்குவதுபோல, விலகிப் போனார். பின்னால் போன நாங்களும் ஒவ்வொருவராய் அப்படியே விலகினோம்.