கோடு வளையுதா, நேரா இருக்கா?

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். டைல்ஸ் ஒட்டுவது தொழில். ஒரு வரிசை முடிந்ததும் தலையைத் தரையோடு சாய்த்து, இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் இழுத்துக் கட்டிய நூலோரம் பார்ப்பேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். அன்று சிட்லபாக்கத்தில் ஒரு டீச்சரம்மா வீட்டு ஹாலில் பார்த்தபோது, வரிசை நடுவில் வயிறு தள்ளியிருந்தது. பதறிப்போய் அவ்வளவையும் பெயர்த்தேன்.

"நேராத்தானே இருந்துச்சு, ஏன் பேக்குறீங்க?" என்றார் டீச்சரம்மா.

மறுபடி ஒட்டினேன். மறுபடியும் வளைந்தது. இரண்டு கண்ணாலும் பார்த்தால் சரியாக இருக்கிறது, வலது கண்ணால் மட்டும் பார்த்தால் இல்லை. தரையா, நூலா, நானா? சாயங்காலம் வீட்டு ஜன்னல் கம்பியும் வளைந்தபோதுதான் கோளாறு கண்ணில் என்று புரிந்தது. திங்கட்கிழமை கேளம்பாக்கத்தில் பெரிய வேலை ஆரம்பம். மேஸ்திரி என்னை நம்பித்தான் அதை எடுத்திருந்தார்.

மறுநாளே என் மனைவி தாம்பரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு என்னை இழுத்துப் போனாள். அங்கே ஒரு பெண் என் இடது கண்ணை மறைத்துவிட்டு, ஒரே ஒரு கோடு போட்ட அட்டையைக் காட்டினாள்.

"நடுவுல இருக்குற புள்ளியையே பாருங்க சார். கோடு வளையுதா, நேரா இருக்கா?"

மிஷினில் அச்சடித்த கோடு எப்படி வளையும்? வளைகிறது என்றால் வேலைக்கே போகாதே என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் வேறு.

"நேரா இருக்கும்மா."

"இன்னாய்யா புளுகுற?" என்றாள் பின்னாலிருந்து என் மனைவி. "நல்ல டைல்ஸப் பேத்துப் போட்டுட்டு வந்தவரு மேடம் இவரு. வூட்டு ஜன்னலையே மொறச்சிகினு கீறாரு."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "சார், இது பரீட்சை இல்ல. கோடு நேர்தான்னு எனக்கே தெரியும். உங்க கண்ணுக்கு எப்படித் தெரியுது?"

"வளையுது."

அடுத்தடுத்த அட்டைகளில் கோடு புள்ளி வரிசையாக மாறியது. அட்டைக்கு அட்டை புள்ளிகளுக்கு இடையில் இடைவெளி கூடிக்கொண்டே போனது. எந்த இடைவெளியில் வளைவு தெரியாமல் போகிறதோ, அதுதான் அளவாம். கோட்டை நிறுத்தி ஒரு தடவை, படுக்கப் போட்டு ஒரு தடவை. ஓர் அட்டை வளைந்த மாதிரியும் இருந்தது, வளையாத மாதிரியும் இருந்தது. "தெரியலம்மா" என்றேன். அவள் அதையே திரும்பக் காட்டினாள். அப்போதும் தெரியவில்லை.

அப்புறம் கண்ணை ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் அந்தப் படத்தைத் திருப்பிக் காட்டினார். "ரெட்டினாவுக்கு அடியில நீர் கோத்து உப்பியிருக்கு. இன்னைக்கே கண்ணுல ஊசி போடணும். அடுத்த மாசம் இதே அட்டைய வெச்சு அளப்போம். வளைவு குறையலாம், முழுசாப் போகுமான்னு சொல்ல முடியாது."

"வேலைக்கு சார்?"

"அளந்துட்டுச் சொல்றேன்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். அடுத்த மாதம் கோடு நேராகத் தெரிந்தால், அது கண் சொல்வதா, வேலைக்குப் போகிற அவசரம் சொல்வதா என்று எப்படிக் கண்டுபிடிப்பேன்? அந்த நேரம் பார்த்து மேஸ்திரி போன் பண்ணினார். எடுக்கவும் பயம், எடுக்காமல் இருக்கவும் பயம். மனைவியிடம் நீட்டினேன்.

"அண்ணா, கண்ணுக்கு ஊசி போடறாங்க. இந்த மாசம் வர மாட்டாரு. வேற ஆள வெச்சுக்கோங்க."

அவள் பாட்டுக்குச் சொல்லி முடித்துவிட்டாள். எனக்கு வந்தது கோபமா, நிம்மதியா என்று எனக்கே பிடிபடவில்லை. ஊசிக்குக் கூப்பிட்டார்கள். எழுந்து போனேன்.