ஆயுத பூசைக்குத் துடைத்த லேப்டாப்

ஆராய்ச்சி சாஃப்ட்வேர் ஏற்றித் தருகிற வேலையில் எனக்குச் சாஃப்ட்வேரோடு ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. வந்ததெல்லாம் அதை வைத்திருப்பவர்களோடுதான். புதுக்கோட்டையில் ஒரு கல்லூரி லேபில் நான் படுகிற பாடு, இதே தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்குச் சொல்லாமலே புரியும். செண்பகம் மேடம் கதை ஒன்று போதும். கந்தர்வக்கோட்டைக்காரர். முந்திரியைத் தாக்கும் பூச்சியைப் பற்றி ஏழு வருஷமாக ஆராய்ச்சி. இந்தத் தடவையும் தீசிஸைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து.

பென் டிரைவில் வந்த படம்

மேடம் புது லேப்டாப் வாங்கியிருந்தார். பழையதிலிருந்து சாஃப்ட்வேரைக் காப்பி பண்ணிவிட்டதாகச் சொல்லி பென் டிரைவை நீட்டினார். திறந்தால் ஒரே ஒரு ஷார்ட்கட், சாஃப்ட்வேரைத் திறக்கக் கிளிக் பண்ணுகிற படம் மட்டும். பழைய லேப்டாப் எங்கே என்றேன். எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாச்சாம்! ஐயோ, ஏழு வருஷ டேட்டா? நல்லவேளை, அதை மெயிலில் போட்டு வைத்திருந்தார். மேடம் முகத்தில் மட்டும் ஒரு பதற்றமும் இல்லை.

"முழுசாத்தான் சார் காப்பி பண்ணேன். பாருங்க, படங்கூட அப்படியே வந்திருக்கு!"

சுழி போட்ட ஃபோல்டர்

சாஃப்ட்வேரைப் புதிதாக ஏற்றினேன். அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்கு விலாசம் சொல்லும் பாத் செட்டிங்கையும் போட்டேன். ஓடவில்லை. அழித்து ஏற்றினேன். ம்ஹூம். மூணு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் டேட்டா ஃபோல்டரின் பெயரை ஒழுங்காகப் பார்த்தேன். பெயருக்கு முன்னால் ஒரு 'உ'! பிள்ளையார் சுழி!

அந்தப் பழைய சாஃப்ட்வேருக்கு இங்கிலீஷ் எழுத்தைத் தவிர எதுவும் தெரியாது. சுழியை எடுத்தால்தான் ஓடும் என்றதும் மேடம் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். கடைசியில் லேப்டாப் மூடியில் மார்க்கரால் பெரிசாக ஒரு சுழி போட்டுக் கொடுத்த பிறகுதான் ஃபோல்டரில் கை வைக்க விட்டார்.

"சுழிய அழிச்சிட்டு ஆரம்பிக்கிறது எப்புடி சார் உருப்படும்? படிச்சவுங்க நீங்களே இப்புடிப் பேசலாமா?"

கற்பூரம்

ஆயுத பூசையன்று மத்தியானம் போன். "சார், எதுவுமே ஓடலைங்க!" மறுநாள் சாயங்காலம் ஆன்லைனில் தீசிஸ் ஏற்றக் கடைசி நேரம். கடைசி அத்தியாயத்துக் கணக்கு ஓடி முடியவே பதினாறு மணி நேரம் ஆகும். வண்டியை எடுத்துக்கொண்டு கந்தர்வக்கோட்டைக்குப் பறந்தேன்.

அங்கே மேடத்தின் வீட்டுக்காரர் பம்புசெட் பட்டறை வைத்திருக்கிறார். பட்டறையில் ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும் நடுவில், சந்தனம் குங்குமத்தோடு லேப்டாப். பூசைக்கு முன்னால் துடைக்கிறேன் என்று மேடம் உள்ளேயும் துடைத்திருக்கிறார். பாத் செட்டிங்கில் வரி வரியாகக் கிடந்ததெல்லாம் குப்பை என்று நினைத்து மொத்தமாக அழித்துவிட்டார். ஓடுகிறதா என்று பார்த்தாராம், ஓடவில்லையாம். அப்படியே கொண்டுபோய்ப் பூசையில் வைத்துவிட்டு எனக்குப் போன். அடக் கடவுளே, என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

சரி, எடுங்கள், அழித்த வரிகளை அரை மணி நேரத்தில் திரும்ப எழுதிவிடலாம் என்றேன். வீட்டுக்காரர் குறுக்கே வந்து நின்றார். "பூசையில வச்சத இன்னைக்கு எடுக்கக் கூடாதுங்க. நாளைக் காலையில மறுபூசை போட்டுத்தான் எடுக்கணும்." நாளைக் காலையில் எடுத்தால் கணக்கு ராத்திரிதான் முடியும். ஏழு வருஷம் அதோடு போச்சு. மேடம் வீட்டுக்காரரைப் பார்த்தார், லேப்டாப்பைப் பார்த்தார். ஒரு கற்பூரத்தை ஏற்றி லேப்டாப்புக்கு மட்டும் மூணு சுற்றுச் சுற்றிக் காட்டினார். கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

"மறுபூசை போட்டாச்சு சார், நீங்க எழுதுங்க. கடைசித் தேதி நாளைக்குன்னு சாமிக்குத் தெரியாதா?"

தீசிஸ் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, என் நெஞ்சுதான் இன்னும் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கிறது.