சீலுக்கு வைத்த பொட்டு

எங்கள் மலைக்கிராமமான பேத்துப்பாறையிலிருந்து இதுவரை குதிரை முதுகில் இறக்கிய முட்டைக்கோஸுக்காகப் புது பிக்கப் வேன் வாங்கினோம். எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகைத் தொடாதிருக்க, அதன் மேல் கம்பெனி ஈய சீல் வைத்திருந்தது. அதை வெட்டினால் வண்டி மலையில் பறக்கும், கேரண்டியும் பறந்துவிடும். என் கணவரோ வெட்டியே தீருவதென்று நின்றார். பழனியில் பூஜை போட்டபோது அந்தச் சீலுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டேன்.

மறுநாள் பெருமாள்மலையில் மெக்கானிக் குறட்டோடு குனிந்தார். குங்குமத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்.

"வெரசா வெட்டுங்கண்ணே" என்றார் இவர்.

"சாமி பொட்டு வச்ச எடமுங்க. நான் கை வைக்க மாட்டேன்."

அடுத்த மாதமே எஞ்சின் படுத்துவிட்டது. கம்பெனிக்காரர் சீலைப் பார்த்தார். இலவசமாகப் புது எஞ்சின் வந்தது!

இப்போது அதன் சீலுக்கும் வெள்ளிதோறும் பொட்டு உண்டு. வைப்பவர் என் கணவர்.