கை தூக்காத மேனேஜர்

என் அண்ணிக்குப் பேச வராது என்று எங்கள் மேனேஜர் சொன்னார். முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அண்ணி சாப்பிடக் கூப்பிட்டால் அடுத்த தெருக்காரனும் கை கழுவிவிட்டு உட்காருவான். அப்படிப்பட்ட தொண்டை. சிரிப்பு அடங்கியபின் வந்த கோபம் இன்னும் போகவில்லை.

நாங்கள் இருவரும் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறோம். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர் கோட்டு எல்லாம் லாரியில் வந்து குவியும். நான் துவைக்கிற மிஷினுக்குத் துணி போடுகிறவன். அண்ணி இஸ்திரி ரோலரில். என் அண்ணன் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டபோது அண்ணி வேலைக்கு வந்தார். அன்றிலிருந்து அந்த ரோலரை விட்டு நகரவில்லை. கொதிக்கிற உருளை அது. இந்தப் பக்கம் இரண்டு பெண்கள் ஈர விரிப்பின் முனைகளைப் பிடித்து உள்ளே கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் இரண்டு பேர் வாங்கி மடிக்க வேண்டும்.

சத்தம் என்றால் அப்படியொரு சத்தம். பக்கத்தில் நிற்பவர் தும்மினால் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். எதைச் சொன்னாலும் ஒரு துண்டுதான் சொல்வோம். காதில் விழுந்தவர் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டுவார். கை வந்தால்தான் அடுத்த துண்டு. கை வராமல் ரோலரின் சுவிட்சை யாரும் தொடமாட்டோம். இது மேனேஜர் போட்ட சட்டமில்லை. வெந்த கைகள் போட்ட சட்டம்.

இப்படியே பேசிப் பேசி அண்ணிக்கு வீட்டிலும் அதுவே பழகிவிட்டது. "ரேடியோவைக் குறைங்க!" என்று கத்திவிட்டு நிற்பார். அண்ணன் கட்டிலிலிருந்து உள்ளங்கையைக் காட்டினால்தான் அடுத்த வாக்கியம். அண்ணன் சும்மா இருப்பாரா?

"ரெண்டு கையும் தூக்கட்டுமா, சரணடைஞ்சிடறேன்" என்பார்.

ரோலரின் முன்னால் குறுக்கே ஒரு தடுப்புக் கம்பி இருக்கிறது. கை உள்ளே போனால் கம்பியில் இடிக்கும், உருளை நின்றுவிடும். கம்பி பழசாகி, துணி பட்டால்கூட நிறுத்த ஆரம்பித்தது. அதைச் சரிசெய்யாமல், வேலை நிற்கிறதே என்று மெக்கானிக்கை விட்டு ஒயரால் இறுக்கிக் கட்டவைத்தார் மேனேஜர். இனி எது இடித்தாலும் நிற்காது.

அண்ணியோடு சேர்ந்து விரிப்பு கொடுக்கிற பெண்ணைக் குருவி என்போம், அவ்வளவு சின்ன உடம்பு. அவள் விரல்கள்தான் விரிப்போடு உள்ளே போயின. கம்பியில் இடித்தது. நிற்கவில்லை. அண்ணி பாய்ந்து மெயின் சுவிட்சை அடித்து நிறுத்துவதற்குள் இரண்டு விரல் தோல் உரிந்து வந்துவிட்டது.

ஒயரை அவிழ்க்கச் சொல்ல வேண்டும். மாதாந்தரக் கூட்டத்தில் யார் பேசுவது? "நீங்கதான்கா பேசணும், நீங்கதான் பக்கத்துல நின்னீங்க" என்று பெண்கள் எல்லோரும் அண்ணியைத் தள்ளிவிட்டார்கள்.

மேனேஜர் அறை கண்ணாடி அறை. தரையில் மெத்தை விரிப்பு. கடிகார முள் நகர்வது கேட்கிற அளவுக்கு அமைதி. அண்ணி எழுந்தார்.

"ரோலர் கம்பியை ஒயர் போட்டுக் கட்டியிருக்கு!"

கண்ணாடி அதிர்ந்தது. சொல்லிவிட்டு நின்றார், மேனேஜரின் கையைப் பார்த்தபடி. கை வரவில்லை. அந்த ஆளோ பேச்சு முடிந்துவிட்டதென்று நினைத்தார், அல்லது நினைத்த மாதிரி நடித்தார்.

"சரிம்மா, கவனிக்கிறோம். அடுத்தது, கேன்டீன் குழாய்."

"குருவி கை உள்ள போயிடுச்சு!" மறுபடியும் நின்றார்.

"ஏம்மா கத்தறீங்க? இங்க எல்லாருக்கும் காது நல்லாத்தான் இருக்கு. உட்காருங்க."

கேன்டீன் குழாயைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள். கடைசியில் அவர் தன் உதவியாளரிடம், எங்கள் காதில் விழும்படியே சொன்னார்: "பாவம், பேச வரலை. இவங்களுக்கு ஒரு பேச்சுப் பயிற்சி ஏற்பாடு பண்ணுங்க."

பண்ணினார்கள், ஐயா! கம்பியைச் சரிசெய்ய ஆள் வரவில்லை. பேசக் கற்றுக்கொடுக்க ஆள் வந்தார், டை கட்டிக்கொண்டு. கேன்டீனில் அண்ணியையும் இன்னும் சிலரையும் உட்காரவைத்துப் பாடம்.

"முதல்ல சிரிங்க. சிரிச்ச முகமா சொன்னா எதையும் கேட்பாங்க."

"வெந்த விரலைச் சிரிச்சுக்கிட்டே சொல்லணுமா?" என்றார் அண்ணி.

அந்த ஆள் பாவம், சம்பளத்துக்கு வந்தவர். தொண்டையிலிருந்து கத்தாமல் வயிற்றிலிருந்து மெதுவாகப் பேசச் சொன்னார், ஒரே ஒருவர் முகத்தைப் பார்த்துப் பேசச் சொன்னார். அதெல்லாம் உருப்படியான பாடம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால், "நடுவுல நிக்காதீங்க, மூச்சு விடாம சொல்லி முடிச்சிடுங்க" என்றார் பாருங்கள், அங்கேதான் அண்ணியைக் கெடுத்தார்.

வீட்டில் ஒத்திகை நடந்தது. அண்ணன் தலையணையில் சாய்ந்துகொண்டு மேனேஜர் ஆனார்.

"மேனேஜர் சார், ரோலர் கம்பியைக் கட்டினதால ஆபத்து இருக்குறதால அதை அவிழ்த்து வேற கம்பி போட்டு..." அண்ணிக்கு மூச்சு முட்டியது.

"கோரிக்கை தள்ளுபடி. டீ கொண்டா" என்றார் அண்ணன்.

"அடி வாங்கப் போறீங்க!"

"பார்த்தியா, இது நல்லா வருது. இதையே அங்க சொல்லு."

அண்ணி சிரிக்கவில்லை. அடுக்களைக்குள் போய் முதலிலிருந்து ஆரம்பித்தார், மெதுவான குரலில். அந்தக் குரலை அதற்குமுன் நான் கேட்டதே இல்லை.

அடுத்த கூட்டம். ஒயர் அப்படியே இருந்தது. குருவியும் கட்டுப்போட்ட கையோடு வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தாள். அண்ணி எழுந்து, சொல்லிக்கொடுத்தபடி, நிற்காமல் ஆரம்பித்தார். பாதியில் வார்த்தை ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழம்பியது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அண்ணி வாயை மூடினார். மூச்சை இழுத்துவிட்டார். பிறகு மேனேஜர் முகத்தை மட்டும் பார்த்து, மெதுவாக:

"கம்பியில ஒயர் இருக்கு."

நின்றார். எங்கள் பக்கமிருந்து முதலில் வந்தது குருவியின் கட்டுப்போட்ட கை. பிறகு எல்லோர் கையும்.

"ஒயரைக் கட்டச் சொன்னது நீங்க."

கைகள்.

"இன்னைக்கே அவிழ்க்கணும். கம்பி சரியாகிற வரைக்கும் ரோலர் ஓடக்கூடாது."

கைகள். மேனேஜர் சுற்றிலும் பார்த்தார். "என்ன இது, பள்ளிக்கூடமா?"

"உங்க கை வரலை சார்."

"நான் எதுக்குத் தூக்கணும்?"

"கேட்டுச்சுன்னா தூக்குவோம். தூக்கலைன்னா கேக்கலைன்னு அர்த்தம். கை வராம நாங்க சுவிட்சைத் தொட மாட்டோம்."

குரல் ஒரு தடவைகூட உயரவில்லை. கத்தாதீங்கம்மா என்று சொல்ல அந்த ஆளுக்கு வழியில்லாமல் போயிற்று. அண்ணி கதவைத் திறந்து வெளியே நடந்தார். நாங்களும் எழுந்தோம்.

துவைக்கிற மிஷின்களை ஓடவிட்டோம். ரோலர் மட்டும் ஓடவில்லை. ஈர விரிப்பு வண்டி வண்டியாகச் சேர்ந்து வாசலை அடைத்தது. ஆஸ்பத்திரிகளிலிருந்து போன் மேல் போன். சாயங்காலத்துக்குள் மேனேஜர் தானே கூடத்துக்கு இறங்கி வந்தார். வந்து எத்தனை வருஷமாயிற்றோ, சத்தத்தில் முகம் சுளித்துக்கொண்டு அண்ணிக்கு எதிரே நின்று என்னவோ சொன்னார். உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி கத்தினார். அண்ணி கேட்கவில்லை என்று காதைத் தொட்டுக் காட்டிவிட்டு, முதலில் உங்கள் கை வரட்டும் என்பதுபோல் அவர் கையைச் சுட்டிக் காட்டினார்.

எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த ஆள் முகம் சிவந்து, கடைசியில் கையைத் தூக்கினார்.

மெக்கானிக் இடுக்கியோடு வந்தார். ஒயர் அறுந்து கீழே விழ, ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அவ்வளவுதான் வேலை. இதற்கு ஒரு பெண்ணின் இரண்டு விரல், இதற்கு டை கட்டின வாத்தியார், இதற்கு இரண்டு கூட்டம்!

புதுக் கம்பி போடும்வரை ரோலர் ஓடவில்லை. அண்ணி இப்போது நன்றாகப் பேசுகிறார் என்று மேனேஜர் சொல்லித் திரிகிறாராம், பயிற்சி கொடுத்ததன் பலனாம். குருவிக்கு அந்த இரண்டு விரல்களும் இன்னும் மடங்கவில்லை. அதைப் பற்றி அந்த ஆள் எங்கேயாவது வாய் திறந்தால் எனக்குச் சொல்லுங்கள். நான் கை தூக்குகிறேன்.