பல்லுக்குக் கட்டிய கம்பி

தாராபுரத்தில் பருத்தியை அரைத்துப் பஞ்சு எடுக்கும் மில் வைத்திருந்த பொங்கியண்ணனுக்குப் புவனா ஒரே மகள். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டு, "பொண்ணு கொஞ்சம் தாட்டியமா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் போனதும் அம்மா மாரியாத்தாள் சமையலறையைப் பூட்டிவிடுவாள். அதன்பிறகு மகளுக்குக் கொள்ளுத் தண்ணீர்தான்.

புவனா கொஞ்சநாள் தாங்குவாள். பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் தின்பாள். ஊறவைத்த அரிசி, வெறும் சர்க்கரை, சாமிக்கு உடைத்த தேங்காய். ஒருநாள் மாட்டுக்கு வைத்திருந்த கடலைப் புண்ணாக்கை வாயில் அடைத்துக்கொண்டிருந்தபோது அம்மா பார்த்துவிட்டாள். மில் ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"பாருங்க, நம்ம ஊட்ல இன்னொரு எருமை இருக்குது."

கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் உளவியல் கற்பித்த யாஸ்மின் அப்போது, நிறுத்த முடியாமல் தின்னும் பெண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அவரை டாக்டர் என்று யாரோ சொல்ல, பொங்கியண்ணன் மகளையும் மனைவியையும் காரில் கூட்டிப்போனார். யாஸ்மின் புவனாவைத் தனியே உட்காரவைத்துக் கேட்டார்.

"சாப்பிடறப்ப உங்களுக்கு எப்படி இருக்கும்?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. புவனாவுக்கு அழுகை வந்தது.

"ருசியே தெரியாதுங்க. போதும்னு நெனைப்பேன், கை நிக்காதுங்க. தின்னு முடிச்சதும் செத்துப்போலாமான்னு இருக்குமுங்க."

யாஸ்மின் பெற்றோரை உள்ளே அழைத்தார். "பட்டினி போடப் போடத்தான் இந்த வெறி அதிகமாகுதுங்க. வேளாவேளைக்கு உங்களோட உட்காரவெச்சுச் சோறு போடுங்க. ஏச வேண்டாம். அடிக்கடி என்கிட்ட கூட்டிட்டு வாங்க."

"தின்னு கெட்டவளுக்குச் சோறே மருந்துங்களா?" என்று மாரியாத்தாள் எழுந்துவிட்டாள். "நல்லா இருக்குதுங்க உங்க படிப்பு."

அடுத்ததாக ஒரு பல் டாக்டரைப் பிடித்தார்கள். அவர் புவனாவின் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டினார். உறிஞ்சுகுழலில் பாலும் பழச்சாறும் மட்டும் போயின. ஈறு வீங்கியது, முடி கொட்டியது, ரவிக்கைகள் தொளதொளத்தன. மாரியாத்தாள் புது ரவிக்கை தைக்கக் கொடுத்தாள்.

கம்பியோடுதான் பெருந்துறை நூல் மில்காரர் வீட்டுக்குப் பெண் காட்டினார்கள். உதட்டைப் பிரிக்கக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள்.

"ஏனுங்க, பொண்ணு பேசாதுங்களா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள்.

"கூச்சமுங்க" என்றாள் மாரியாத்தாள்.

"அப்படி இருந்தாத்தான் குடும்பத்துக்கு ஆகும்" என்று அந்தம்மா பூ வைத்துவிட்டுப் போனாள்.

கல்யாணத்துக்குச் சற்று முன்னால் கம்பியை வெட்டி எடுத்தார்கள். பெருந்துறை வீட்டுச் சமையலறைக்குப் பூட்டு இல்லை. ஆடி பிறப்பதற்குள் புவனா பழைய உடம்புக்கு வந்துவிட்டாள். கணவன் கிருபாசங்கர் சத்தம் போடவில்லை. வீட்டில் விருந்து நடந்த ஒரு மத்தியானம் சொந்தக்காரர்கள் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்து, நடுவில் அவளுக்கு இலை போட்டான். அண்டாவிலிருந்து அவனே அள்ளி அள்ளி வைத்தான்.

"தின்னு கண்ணு. ஒளிஞ்சு எதுக்குத் திங்கோணும்? எல்லாரும் பார்க்கட்டும்."

முதலில் சிரிப்பு எழுந்தது. அவள் அழுதுகொண்டே தின்றாள். வாந்தி எடுத்தபோது சிரிப்பு நின்றது. ஆனால் யாரும் எழுந்து வரவில்லை. அன்று சாயங்காலமே அவளைத் தாராபுரத்தில் இறக்கிவிட்டுப் போனான்.

சில வாரங்கள் கழித்துப் புவனா யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிக் கோயமுத்தூர் போனாள். யாஸ்மினின் அறையில் வேறொருவர் இருந்தார்.

"அந்த மேடம் பட்டம் வாங்கிட்டு டெல்லி போயிட்டாங்க. ஆராய்ச்சி முடிஞ்சுபோச்சுங்களே" என்றார் அவர். அவள் நகராமல் நிற்பதைப் பார்த்து, "உங்க பேரெல்லாம் அதுல வராதுங்க, பயப்படாதீங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

"வந்தாலும் பரவால்லீங்க" என்றாள் புவனா. "நான் சொன்னத எழுதியிருக்காங்களா?"

அவருக்குத் தெரியவில்லை.

அவள் ஊருக்குத் திரும்பி, மில்லுக்குப் பின்னாலிருந்த அறையில் வாழ்ந்தாள். கேட்டவர்களிடம் மகள் பெருந்துறையில் இருக்கிறாள் என்று மாரியாத்தாள் சொன்னாள். அடுத்த தை மாதம் கிருபாசங்கருக்கு வேறிடத்தில் கல்யாணம் நடந்தது. பொங்கியண்ணனின் பஞ்சு அந்த நூல் மில்லுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அதனால் அவரும் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார்.

"சாப்பாடு எப்படிங்க?" என்று மாரியாத்தாள் கேட்டாள்.

"கொறை சொல்ல முடியாது" என்றார். பின்னறையில் இருந்த புவனாவுக்கும் அது கேட்டது.