வெல்டரக்கா வரைந்த மரம்

வெல்டரக்கா கையில் வெல்டிங் ராடு இருந்தால் இரும்பு சொன்ன பேச்சைக் கேட்கும். அதே கையில் பேனாவைக் கொடுத்தால், கோடு குடித்துவிட்டு வீடு திரும்புகிறவன் மாதிரி போகும். ஐம்பதைத் தாண்டிய வயதில் ஓவிய வகுப்பு என்ற வம்பை இவள் எதற்கு விலைக்கு வாங்கினாள் என்று அவள் கணவருக்குப் புரியவில்லை. "இரும்பு தீந்துபோச்சுன்னு பேப்பரைப் பத்தவைக்கப் போறியா?" என்று கேட்டார்.

காரணம் ஒரு கேட். பட்டறையில் இத்தனை வருஷமும் படம் போடுவது கொழுந்தனார் வேலை, பற்றவைப்பது அவள் வேலை. சாக்பீஸால் தரையில் அவர் என்ன போடுகிறாரோ அதுதான் கேட். வேரிலிருந்து கிளை விரியும் ஒரே மரமாகக் கேட் செய்யலாம் என்று ஒரு தரம் ஆசைப்பட்டுச் சொன்னாள். அவர் தரையில் வரைந்ததோ ஒரு குடை. "மரந்தானே அண்ணி, இதான் மரம்," என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் அவள் மனதில் இருப்பது அவர் கைக்கு எப்படி வரும்? வாயை மூடிக்கொண்டு குடையைச் செய்து கொடுத்தாள்.

கொழுந்தனார் வேறு வேலை கிடைத்து வெளியூர் போய்விட்ட சமயத்தில்தான் குழந்தைகள் காப்பகத்துக்குக் கேட் வேண்டும் என்று அழைப்பு வந்தது. அவள் தன் மரத்தை வாய் வலிக்க விவரித்தாள். காப்பகத்து அம்மா பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது எனக்குக் கண்ணுல வரலைங்க. வரைஞ்சு கொண்டாங்க. பிடிச்சா அதையே செய்வோம், இல்லன்னா சாதாரணக் கம்பி கேட்டே போதும்."

அப்படித்தான் நூலகத்து மாடியில் நடக்கும் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். முதல் பாடம், இரண்டு புள்ளிகளை ஒரே கோட்டால் சேர்ப்பது. ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் அவள் தலையை ஒரு வெட்டு வெட்டினாள். "கழுத்து வலியாக்கா?" என்று கேட்டாள் அவளைவிட இளையவளான டீச்சர். வெல்டரக்காவுக்கே அப்போதுதான் உறைத்தது. நெற்றிமேல் தூக்கி வைத்த வெல்டிங் முகக்கவசத்தைக் கீழே விழவைக்கும் பழக்கம் அது. வகுப்பே சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள்.

கோடு மட்டும் கோணலாகவே வந்தது. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள்.

"பேனா முனையையே ஏங்க்கா பாக்கறீங்க? போய்ச் சேர வேண்டிய புள்ளியைப் பாருங்க."

"முனையை விட்டுக் கண்ணை எடுத்தா ஓட்டை விழுந்துடுமே?"

"இது பேப்பர்க்கா. விழாது."

இது எத்தனை பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். உருகும் இடத்தைவிட்டுக் கண்ணை நகர்த்தாமல்தான் அவள் பிழைப்பே நடந்தது. அந்தக் கண்ணை இப்போது வேறு திசையில் பழக்க வேண்டும். பழக்கினாள். ராடு வரும் அட்டைப் பெட்டிகளைப் பிரித்து, சாப்பாட்டு நேரமெல்லாம் உட்புறத்தில் கோடு கோடாக இழுத்தாள். மணிக்கட்டை இறுக்காமல் முழங்கையோடு இழுக்கவும், வேரில் அழுத்தி நுனியில் லேசாக விடவும் மெல்ல மெல்ல வந்தது. தொழிலில் பேர் எடுத்த பிறகு, நாலு பேர் பார்க்க ஒன்றும் தெரியாதவளாக உட்கார்ந்திருக்க ஒரு துணிச்சல் வேண்டும். நம்மில் பலருக்கு அது இருக்காது.

முதல் மரத்தைப் பார்த்து, "விளக்குமாறு நல்லா இருக்கு," என்றார் கணவர். அவள் அட்டையைத் திருப்பிப் போட்டு அடுத்ததை ஆரம்பித்தாள். பிறகு எத்தனையோ விளக்குமாறுகள். ஒருநாள் அவர் அட்டையைக் கையில் எடுத்தார், கேலி வரவில்லை. "இந்தக் கிளையில காத்து அடிக்குதே," என்றார்.

அந்த மரத்தை நல்ல தாளில் வரைந்து எடுத்துக்கொண்டு காப்பகத்துக்குப் போனாள். பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரம். காப்பகத்து அம்மா தாளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"இதையே செஞ்சிடுங்க," என்றார் அந்த அம்மா மெதுவாக. "யாரு வரைஞ்சது?"

இத்தனை வருஷப் பழக்கத்தில் கொழுந்தனார் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

"நான்தான்."

பட்டறையில் இரும்பு தேய்க்கும் கிரைண்டர் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் அது. அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.