கூட்டேரிப்பட்டு தாண்டி நின்ற கார்

விவாகரத்து வழக்கின் கடைசி வாய்தாவுக்கு நானும் என் கணவரும் ஒரே காரில்தான் போனோம். கல்யாணம் திண்டிவனத்தில் நடந்ததால் வழக்கும் அங்கேதான். கோலியனூரில் அம்மா வீட்டிலிருந்து பஸ்ஸில் போவதாக இருந்தேன். முந்தின நாள் விழுப்புரத்திலிருந்து அவரே போன் செய்தார்.

"நானும் அங்கதானே போறேன். கார்லயே வந்துடு."

மறுக்கத் தோன்றவில்லை.

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் கார் இரண்டு முறை திக்கி, ரோட்டோரம் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. அவர் தன் மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"பின் சீட்டுக்கு அடியில பெட்ரோல் பம்ப் இருக்குது சார். சாவி போட்டதும் ரெண்டு செகண்ட் ங்கொய்னு சத்தம் வரணும். யாரையாவது கேக்கச் சொல்லுங்க."

பின் சீட்டில் காதை வைத்துப் படுத்தேன்.

"வருதா?"

"இல்லீங்க."

மெக்கானிக் சொன்னபடி அவர் பியூஸைப் பார்த்தார்; நன்றாகத்தான் இருந்தது. ஹாரன் ரிலேயைக் கழற்றி, பம்புக்குக் கரண்ட் கொடுக்கும் ரிலே இருந்த இடத்தில் மாட்டிப் பார்த்தார். அப்போதும் சத்தமில்லை.

"அப்ப பம்ப்புதான் சார். ஒருத்தர் டேங்க் அடியில செருப்பால தட்டிக்கினே இருக்கட்டும், நீங்க சாவி போடுங்க. எப்பவும் ரிசர்வ்லயே ஓட்டிக்கினு இருந்தீங்களா? பெட்ரோல் கம்மியா இருந்தா பம்ப் சூடாயி போயிடும்."

ரிசர்வில் ஓட்டாதீங்க என்று நான் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். இப்போது அதைச் சொல்லிக்காட்ட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பட்டுப்புடவையோடு மண்ணில் மண்டியிட்டு, செருப்பைக் கழற்றித் தட்டினேன். நாலைந்து தட்டுக்குப் பிறகு உள்ளே சத்தம் கிளம்பியது.

"வருதுங்க!" என்று கத்தினேன்.

இன்ஜின் பிடித்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். சேர்ந்து சிரித்து இரண்டு வருடம் இருக்கும். வீட்டுக்கே திரும்பிவிடலாம் என்று சொல்வாரோ என எழுந்திருக்காமல் அவர் முகத்தையே பார்த்தேன்.

"ஜல்தியா ஏறு. லேட்டாவுது" என்றார்.

கோர்ட்டில் நீதிபதி எங்கள் இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார். சம்மதம் என்றோம். வெளியே வந்தபோது கார் மறுபடியும் கிளம்பவில்லை. நான் பழையபடி குனியப் போனேன்.

"வேணாம். நீ பஸ்ல போயிடு. நான் மெக்கானிக்கை வரச் சொல்லிக்கிறேன்."

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். விழுப்புரம் வண்டியில் கூட்டம். கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தேன்.

இரண்டு நாள் கழித்து, பம்ப் மாற்றிவிட்டதாக அவர் போன் செய்தார். நல்லது என்றேன். அதற்குமேல் பேச எங்களிடம் எதுவும் இல்லை.